மலைப் பக்கம் நீட்டாத துப்பாக்கி

சாயங்கால வெயில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்து சேரும் நேரத்தில் என் மகளுக்கு அங்கே பொழுது விடியும். காயப்போட்ட மல்லாட்டைச் சாக்கின் ஓரமாக நான் உட்கார்ந்திருப்பேன். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். போன் மணி அடிக்கும். எடுத்தால் அவள் முகம், அதற்குப் பின்னால் வெளுத்துப்போன ஒரு வானம். இந்தப் பக்கம் என் முகம், எனக்குப் பின்னால் மலை. வெயில் பட்டுச் செம்புப் பாத்திரம் மாதிரி நிற்கும்.

“மா, கொஞ்சம் நவுந்து உக்காரு. மறைக்கிற.”

மலையைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பாள். எனக்கு அதில் கோபமே வந்ததில்லை. அடி அண்ணாமலையில் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? நாங்கள் காலையில் கதவைத் திறந்தால் மலை, மாட்டைப் பிடித்துக்கட்டினால் மலை, சண்டை போட்டால்கூட மலையைப் பார்த்துக் கையை நீட்டி, “நீயே கேளு” என்றுதான் சண்டை போடுவோம்.

அன்றைக்கு ஒரு நாள் நான் நகர்ந்து உட்கார்ந்த பிறகும் அவள் மலையைப் பார்க்கவில்லை. சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். நாவல்பழம் நசுங்கின மாதிரி ஒரு கறுப்பு.

“யாருடி அடிச்சது? மாப்பிள்ளையா?”

“அவரா? அவரு கொசுவக்கூடக் கதவத் தெறந்து வெளிய வழியனுப்பி வெப்பாரு. துப்பாக்கிமா. துப்பாக்கி அடிச்சது.”

மாப்பிள்ளை வெள்ளைக்காரர். செங்கம் ரோட்டுக் காபிக்கடை ஒன்றில் என் மகள் வேலை பார்த்தபோது தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே காபியைக் குடித்துக்கொண்டிருந்தவர். சாந்தமான மனிதர். கல்யாணம் முடிந்து அவளை அமெரிக்காவில் ஒகையோ என்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவருடைய அப்பா, என் சம்பந்தி, பெரிய விவசாயி. சோளமும் சோயாவும் போடுகிறார். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கேட்டால் நல்ல இடம் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் வாயால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனசில் ஒரு முள் இருந்தது. அந்த வீட்டில் என் மகளை ஒரு வேலை செய்ய விடமாட்டார் அந்த மனிதர். தட்டைக் கழுவப் போனால், “நீ உட்காரு” என்பார். காபியை அவரே போட்டுக் கொண்டுவந்து வைப்பார். வாசலில் காலடி வைத்தால், குளிருகிறது, உள்ளே போ என்பார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு மருமகளை நாற்காலியில் உட்காரவைத்து உபசாரம் பண்ணினால் அவள் அந்த வீட்டுக்கு யார்? விருந்தாளி. நான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த மறுநாளே என் மாமியார் சாணிக் கூடையை என் தலையில் தூக்கி வைத்தாள். அப்போது அழுதேன். ஆனால் அன்றைக்கே அது என் வீடாகிவிட்டது.

“எதுக்குடி உனக்குத் துப்பாக்கி?”

“மான் சுட.”

“மானா!”

எங்கள் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். மலைக்காட்டுப் புள்ளிமான்கள் கிரிவலப் பாதை ஓரத்துக்கு வந்து நிற்கும். நாய் துரத்தினால் ஊர்சனம் கல்லை எடுத்துக்கொண்டு நாய்க்குப் பின்னால் ஓடும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பெண் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள். அங்கே மான்கள் எங்கள் ஊர்க் காட்டுப்பன்றி மாதிரியாம். சோளம், சோயா ஒன்றையும் விடாதாம். வண்டியில் வந்து மோதி ஆள் சாகிறதாம். கார்த்திகை மாசத்தை ஒட்டி ஒரு வாரம் கவர்மெண்டே சுடச் சொல்லி உத்தரவு கொடுக்கும். சுட்ட கறி வருஷம் முழுக்க வீட்டுக்கு ஆகும்.

“அதுக்கு நீ ஏண்டி?”

“மாமா வருஷா வருஷம் தனியாதான் போறாரு. புள்ளையக் கூப்ட்டா அவரு வரமாட்டாரு. இந்த வாட்டி நான் வரேன்னு சொன்னேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம், தூரத்துல ஒரு தட்ட வெப்பேன், மூணு குண்டும் தட்டுல வுழுந்தா கூட்டினு போறேன், இல்லன்னா வூட்ல இரு, நான் காபி போட்டு வெச்சிட்டுப் போறேன்னாரு.”

“காபி போட்டு வெச்சிட்டா?”

“ஆமாமா.”

அந்த முள் நன்றாகவே குத்தியது. “நீ தட்டுல அடிக்கிற. நான் சொல்லித் தரேன்” என்றேன்.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது. பயிரைக் காவல் காக்க லைசென்சு வாங்கின ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. எலக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவோம். அதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நான். உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் குழலில் வெடிமருந்து போட்டு, கெட்டித்து, வானத்தைப் பார்த்து வெடித்துப் பன்றியை ஓட்டியவளும் நான்தான். அந்தத் தோள் வலி எனக்குத் தெரியும். அவர் காலமான பிறகு துப்பாக்கியையும் லைசென்சையும் சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துப்பாக்கி விஷயத்தில் அவருக்குச் சில கண்டிப்பு உண்டு. மருந்து போட்டதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விளக்கு வைக்கிற நேரத்தில் தொடக் கூடாது. என்ன ஆனாலும் மலைப் பக்கம் நீட்டக் கூடாது. பயிர் வைத்த எங்கள் கொல்லைக்கும் ஊருக்கும் கிழக்கே மலை. பன்றி வருவதே மலையிலிருந்துதான். ஆனால் அது எதிரே வரும்போது இவர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார். அது இவரைத் தாண்டி மல்லாட்டைக்குள் இறங்கி, வாய் வைத்த பிறகு, மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுதான் வெடிப்பார். “பன்னிக்கு இது தெரிஞ்சிபோச்சி, அதான் இவ்ளோ தெனாவெட்டா வருது” என்று பங்காளிகள் கேலி பண்ணுவார்கள். தீபாவளிக்கு மகள் பொம்மைத் துப்பாக்கியில் சுருள் கேப்பு போட்டுப் படபடவென்று சுடுவாள். அவள் மலையைப் பார்த்து நின்றால் இவர் ஒன்றும் பேசமாட்டார். பின்னால் போய் அவள் தோள் இரண்டையும் பிடித்து மெதுவாகத் திருப்பி விடுவார். அவ்வளவுதான். எத்தனையோ தீபாவளி அப்படித் திருப்பி விட்டிருக்கிறார்.

அடுத்த தடவை அவள் போனை ஒரு துப்பாக்கிக் கடைக்குள் கொண்டுபோனாள். நான் மாடியில் இருந்தபடியே அந்தக் கடைக்குள் நடந்தேன். எங்கள் ஊர் மளிகைக் கடையில் சோப்பு அடுக்கின மாதிரி தோட்டாப் பெட்டிகள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. பெட்டி மேலெல்லாம் கொம்பு வைத்த மான் படம். என் காலுக்குக் கீழே தரை மெத்தென்று போவது மாதிரி இருந்தது எனக்கு. கீழே பார்த்தால் மல்லாட்டைச் சாக்கு.

உள்ளங்கையில் இரண்டு தோட்டாக்களை வைத்துக் காட்டினாள். இரண்டும் பித்தளை. ஒன்று மேலே கழுத்து ஒடுங்கிச் சொம்பு மாதிரி இருந்தது. இன்னொன்று அடியிலிருந்து நுனி வரைக்கும் நேராக, உழக்கு மாதிரி.

“இந்த உழக்கு மாதிரி இருக்கறதுதான் இந்த ஊர்ல மானுக்கு வெச்சி சுடலாம். சொம்பு மாதிரி இருக்கறது கூடாது.”

“ஏன்?”

“அது ரொம்ப தூரம் போவும். இங்க எல்லாம் சமதரைமா. மலை கெடையாது. தவறிப்போன குண்டு போய்க்கினே இருக்கும், எங்கயாவது ஒரு வூட்ல போயி வுழும். உழக்கு சீக்கிரமா கீழ எறங்கிடும்.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த நாட்டை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. மலை இல்லாத ஊர். விட்ட குண்டு நிற்க இடமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிற ஊர். மத்தியானம் கண்ணயர்ந்தால் அந்தச் சமதரை வரும். சோளக்காட்டுக்குள் என் மகள் நடந்துகொண்டே இருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு அடையாளம் சொல்ல ஒன்றும் இருக்காது. விழித்ததும் எழுந்து போய் ஜன்னலில் மலை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும்.

உழக்கிலும் பருமன், சன்னம் என்று இருக்கிறது. சம்பந்தி தன் பழைய துப்பாக்கியைத்தான் அவளிடம் கொடுத்திருந்தார். அதற்கான தோட்டா என் கட்டைவிரலைவிடப் பெரியது. அதுதான் தோளைக் கறுக்க வைத்தது. எல்லாக் குண்டும் தட்டுக்கு இடது பக்கமாகப் போய்ப் புல்லைக் கிளறியிருக்கிறது. நான் பார்த்த உடனே சொல்லிவிட்டேன். “இது உன்னை அடிக்குது. அடிக்குமேன்னு பயந்து நீ முன்னாடியே ஒதுங்கற. சன்னமானதா பாரு.” கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முந்நூற்றைம்பது என்று அதற்குப் பேராம். என் சுண்டுவிரல் தண்டிதான் இருந்தது. நேராக, அழகாக, காது குத்துகிறவன் வைத்திருக்கிற குப்பி மாதிரி.

பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தி என்னவோ முனகினார்.

“இன்னா சொல்றாரு?”

“இது பொம்பளைங்க சுடறதுன்றாரு.”

“சுடப்போறது பொம்பளதானேன்னு கேளு.”

அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அந்த மனிதர் போனை எட்டிப் பார்த்தார். தொப்பி, வெள்ளை மீசை, வெயிலில் வெந்த மூக்கு. நான் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு நேராக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தத் தோட்டாவுக்கு ஏற்ற புதுத் துப்பாக்கியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அப்போதும் வேலை முடியவில்லை. ஒரே அளவுதான், ஆனால் பெட்டிக்குப் பெட்டி ஈயத்தின் எடை ஜாஸ்தி கம்மி. ஒரு பெட்டி ஒரு இடத்தில் போய் விழுகிறது, இன்னொன்று அதற்கு ஒரு சாண் கீழே. “எதை மா போடறது?” என்று கேட்டாள். பழைய அரிசியையும் புது அரிசியையும் ஒரே உலையில் போட்டால் என்ன ஆகும் என்று நான் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. “துப்பாக்கிக்கு எது ஒத்துக்குதுன்னு பாத்து அத்த மட்டும் வாங்கு. கலக்காத” என்றேன். சம்பந்தியும் அதையேதான் சொன்னாராம். ஐந்தாறு பெட்டிகளிலிருந்து சுட்டுப் பார்த்து, குண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி விழுகிற பெட்டியை எடுத்தார்கள். ஒட்டித்தான் விழுந்தன. ஆனால் தட்டில் இல்லை. இடது பக்கம், புல்லில்.

அப்புறம் ஸ்கோப்பு மேல் பழி போனது. துப்பாக்கி முதுகில் உட்காருகிற கண்ணாடிக் குழாய்தான் ஸ்கோப்பு. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிதைத் தலையில் கட்டியிருந்தார். என் மகள் போனை அதன் வாயில் வைத்துக் காட்டினாள். முதலில் ஒரே இருட்டு. பிறகு ஒரு ஓரத்தில் பிறை. பிறை வளர்ந்து வட்டமாகி, பௌர்ணமி மாதிரி தெளிந்தது. அந்த வட்டத்தில் ஒரே ஒரு இலை. இலையின் நரம்பு. நரம்பில் ஒரு பனித்துளி. அப்படி ஒரு இலையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“நல்லாதான் இருக்கு. தட்டு எங்கடி?”

“அதத்தாம்மா நானும் தேடறேன்.”

அந்தக் குழாய் அவள் புருவத்தில் இடித்துப் பிறை மாதிரி ஒரு காயமும் போட்டது. கண்ணை அதன் மேலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்கிற ஸ்கோப்பு அது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சின்னதாக, கண்ணைத் தள்ளி வைத்தாலும் தெரிகிற மாதிரி ஒன்று வாங்கினார்கள். நாலு மடங்குதான் பெரிதாக்கும். போதும். மானைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாமா? இலை நரம்பையா சுடப் போகிறாள்?

தோள் வலி நின்றது. புருவம் ஆறியது. தோட்டா சரி, ஸ்கோப்பு சரி. சம்பந்தி சுட்டால் அதே துப்பாக்கியில் தட்டு டங்கென்று சத்தம் போடுகிறது. என் மகள் சுட்டால் புல். மான் சுடுகிற வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்குப் பந்தல்கால் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

“வுட்டுடலாம்மா” என்றாள் ஒரு நாள். “மாமா நேத்து, பரவால்ல, நீ உக்காருன்னு சொல்லிட்டாரு.”

உக்காரு. எனக்கு மறுபடியும் அந்த வார்த்தை.

“ஸ்கோப்பு வழியா எனக்குக் காட்டு. நீ பாக்கறத நான் பாக்கணும்” என்றேன்.

வைத்தாள். பிறை, பௌர்ணமி. நடுவில் கோடு போட்ட கூட்டல் குறி. அதற்கு நேரே வெள்ளைத் தட்டு, நம் கோயில் தட்டு மாதிரி சின்னதாக. தட்டுக்குப் பின்னால்...

என் கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. மனசு நினைப்பதற்கு முன்னாலேயே போட்டுவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸின் ஜன்னலில் முதல் முதலாக மலை தெரிந்தால் போட்டுக்கொள்வோமே, அப்படி.

“இன்னா அது, பின்னாடி?”

“எது? அதுவா? மண்மேடு. குளம் வெட்டுன மண்ணைக் கொட்டி வெச்சிருக்காரு. குண்டு தாண்டிப் போவாம புடிச்சிக்க. அது இல்லாம இங்க சுடவே கூடாது.”

பக்கமெல்லாம் சரிந்து, நடுவில் கூம்பி நின்றது மேடு. விடியக்காலை வெயில் அதன் முகத்தில் விழுந்து செம்பு மாதிரி இருந்தது. நான் தலையைத் திருப்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். சாயங்கால வெயிலில் அதே செம்பு. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. ஒரு நிமிஷம் எனக்கு எது போனுக்குள் இருப்பது, எது வெளியில் இருப்பது என்றே தெரியவில்லை.

“தெனமும் வெயில் இப்படித்தான் வுழுதா?”

வட்டத்துக்குள் தட்டு லேசாக ஆடியது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

“மொத நாளு தோணுச்சிமா” என்றாள் மெதுவாக. “நம்ம மலை மாதிரி இருக்கேன்னு. அப்புறம் மறந்துட்டேன்.”

“கை மறக்கலடி.”

எத்தனை தீபாவளி. அந்தத் தோள்களைப் பிடித்துத் திருப்பிவிட்ட கைகள் சாம்பலாகி வருஷம் ஆகிவிட்டது. இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருந்தன. தோட்டா மாற்றியும் ஸ்கோப்பு மாற்றியும் என்ன பிரயோஜனம்? என் மகள் எதைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டுகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

இதைச் சம்பந்தியிடம் சொன்னால் என்ன நினைப்பார்? தட்டை வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். வேறு மேடு கிடையாது, மேடு இல்லாமல் அவர் விடமாட்டார் என்றாள். காட்டில் அவர் உட்காருகிற இடத்திலும் மான் வந்து நிற்கிற பக்கம் இதே மேட்டின் வால்தான் நீண்டு போகிறதாம். அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தை எடுத்தாராம்.

நான் எழுந்தேன். போனைத் திருப்பி மலையைக் காட்டினேன். அடிவாரத்து வேப்பமரத்திலிருந்து உச்சி வரைக்கும் மெதுவாக ஏற்றிக் காட்டினேன்.

“தெரியுதா?”

“தெரியுது.”

“இது எங்க இருக்கு?”

“அங்க.”

“அப்ப அங்க இருக்கறது இன்னா?”

“மேடு.”

“யாரு கொட்டுனது?”

“மாமா. புல்டோசர் வெச்சி.”

“உங்க மாமா கொட்டுன மண்ணுக்கு நான் கன்னத்துல போட்டுக்கினேன்டி இப்ப! உங்க மாமாகிட்ட சொல்லு, அவருக்கு நான் கும்பிடு போட்ட கணக்கு ஆயிடுச்சின்னு.”

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் போனை மல்லாட்டைச் சாக்கில் சாய்த்து, மலையைப் பார்க்கிற மாதிரி நிற்க வைத்தேன். “இது இங்கயே இருக்கட்டும். மலை இங்கதான் இருக்கு, நான் பாத்துக்கினு இருக்கேன். நீ அங்க சுடு.”

அவள் போனைப் பக்கத்தில் எங்கோ வைத்திருக்க வேண்டும். காற்றுச் சத்தம், துணி உரசுகிற சத்தம். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை மேல் ஒரு மேகத்தின் நிழல் ஏறிக்கொண்டிருந்தது. குண்டு வெடித்தது. போனிலிருந்து வந்த சத்தம் அந்த மலை மேல் போய்ப் பட்டு என்னிடம் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. ஒரு காக்கைகூடப் பறக்கவில்லை. நிழல் பாட்டுக்கு ஏறியது. இன்னொன்று. எங்கோ தூரத்தில், உலகத்தின் அந்தப் பக்கத்தில், டங்கென்று ஒரு சத்தம் கேட்டதோ என்று நினைத்தேன். மூன்றாவது.

பிறகு ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் நான் மலையிடம் எதையும் கேட்கவில்லை. வெறுமே உட்கார்ந்திருந்தேன்.

“எம்மா!” என்று ஒரு கூச்சல். “தட்டுமா! மூணும் தட்டுல!”

போன் குலுங்கியது. வானம், பூட்ஸ், வானம். சம்பந்தியின் முகம் வந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டார். என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். அவளிடமும் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். என் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னாடி சொன்னாரு? திட்டனாரா?”

“உள்ள போயி காபி போடுன்னாரும்மா. எனக்கும் சேத்துப் போடுன்னாரு.”

எனக்கும் அழுகை வந்தது. மல்லாட்டையை வாரிச் சாக்கில் கொட்டுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மான் சுடுகிற வாரத்திலேயே தீபமும் வந்தது. ஆரம்ப நாட்களில் அங்கே மழை, மான் வரவில்லை என்றாள். இங்கே ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் தெருவிலேயே ஆள் ஆளை இடித்துக்கொண்டு நடந்தார்கள். தீபத்தன்று சாயங்காலம் மாடியில் ஏறி உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்திருந்தேன். அவ்வளவு ஜனம் வந்தால் எந்தப் போனும் எடுக்காது. செத்த பொருள் மாதிரி கிடந்தது.

அந்த நேரத்தில் அவளுக்குப் பொழுது விடியும் என்று தெரியும். கிழவனும் மருமகளும் ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஈரத் தழை. மூச்சுப் புகை. எனக்குக் குளிர்ந்தது. முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். எதிரே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அதன் சரிவில் அந்த ஊர் மான் ஒன்று, கொம்பு வைத்துக்கொண்டு, மெதுவாக இறங்கி வருகிற மாதிரி இருந்தது. கூப்பிட நினைத்தேன், எந்தப் பாஷையில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உச்சியில் ஒரு பொறி. அரோகரா என்று ஊர் முழுக்கச் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் எனக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் விடியற்காலையில் போன் வந்தது. இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது முதல் நாள் ராத்திரி. புருவத்தில் ஆறின தழும்போடு அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் தட்டுகள் கழுவாமல் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

“வந்துச்சா?”

“வந்துச்சி. பெரிய கொம்பு.”

“பின்னாடி இன்னா இருந்துச்சி?”

“மேடுதான்மா. வெயில் வந்துச்சி அது மேல.”

“சுட்டியா?”

“சுட்டேன். ஒரே குண்டு. நின்ன எடத்துலயே வுழுந்துடுச்சி, கஷ்டப்படல. அப்ப காலையில ஏழரை மணிமா.”

நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். அங்கே ஏழரை என்றால் இங்கே ஆறு மணி, தீபம் ஏற்றின நேரம். அவளும் போட்டிருக்கிறாள். ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சிலதைப் பேசாமல் வைப்பதுதான் மரியாதை.

“கறிய ஐஸ் பொட்டில வை. மலை மேல தீபம் எரியற வரைக்கும் வாயில வெக்காத. கோயில்ல கொடி ஏறியிருக்கு, கறி ஆவாது.”

“கொடி அங்கதானேமா ஏறியிருக்கு? இங்க ஏறலையே. மலை அங்க, மேடு இங்கன்னு சொன்னவ யாரு?”

“வாய் இந்த ஊரு வாய்டி. உங்க மாமா வேணா தின்னட்டும். நான் சொன்னது உன்னைத்தான்.”

உள்ளேயிருந்து சம்பந்தி என்னவோ சத்தமாகக் கூப்பிட்டார். அவள் திரும்பி, அதைவிடச் சத்தமாக என்னவோ பதில் கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. எனக்குக் கேட்க ரொம்ப நன்றாக இருந்தது.

“போயி தட்டக் கழுவு” என்றேன்.

“கழுவறேன், கழுவறேன்.” அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து என் தோளுக்கு மேலே பார்த்தாள். “மா, கொஞ்சம் நவுறேன். தீபம் தெரியல.”

நகர்ந்து உட்கார்ந்தேன்.